மோட்டார்ஹோம் கன்வெர்ட்டர் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வண்டியை ப்ளக்கில் மாட்டித்தான் வைத்திருக்கிறேன், காலையில் எழுந்தால் பேட்டரி காலி." மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே குடியிருக்கும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களிடம் இந்த ஒரு புகாரைப் பல குரல்களில் கேட்டாகிவிட்டது. சொல்பவர் அதற்குள் புது கன்வெர்ட்டருக்கு விலையும் விசாரித்திருப்பார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்ன அளவுகளை நம்பித்தான் பேசுகின்றன.

கன்வெர்ட்டர் என்றால் என்ன? இன்வெர்ட்டரும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை, நேர் எதிர். வெளியிலிருந்து வரும் 120 அல்லது 230 வோல்ட் ஏசியை வாங்கி 12 வோல்ட் டிசியாகத் தருவது கன்வெர்ட்டர். பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட்டை எடுத்து ஏசியாக மாற்றுவது இன்வெர்ட்டர். ஒன்றைக் கேட்கப்போய் மற்றொன்றை வாங்கி வந்தவர்கள் உண்டு.

விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, கேஸ் கசிவு அலாரம் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. ப்ளக் மாட்டியிருக்கும்போது இவற்றுக்குக் கரன்ட் கொடுப்பதும், மிச்சத்தில் பேட்டரியை சார்ஜ் செய்வதும் கன்வெர்ட்டரின் வேலை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு வகை: இன்ஜினை ஸ்டார்ட் செய்வது ஒன்று, குடியிருக்கும் பகுதிக்கானது ஒன்று. இந்தப் பக்கத்தில் வெறுமனே பேட்டரி என்று எழுதினால் அது இரண்டாவது.

வண்டியில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஃப்யூஸ்களும் பிரேக்கர்களும் இருக்கும் பெட்டியைத் தேடுங்கள். பல வண்டிகளில் அதே பெட்டியின் கீழ்ப்பாதிதான் கன்வெர்ட்டர். இல்லாவிட்டால் அதற்குப் பின்னாலோ, கட்டிலுக்கு அடியிலோ, பேட்டரிக்குப் பக்கத்திலோ காற்றுத் துளைகளோடு ஒரு தகரப் பெட்டி தனியாக உட்கார்ந்திருக்கும். விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காது கொடுத்தால் அதன் சின்ன விசிறியே காட்டிக்கொடுத்துவிடும்.

சில பெரிய வண்டிகளில் இன்வெர்ட்டரும் சார்ஜரும் ஒரே பெட்டியாக இருக்கும். கன்வெர்ட்டர் என்று தனியாக ஒன்று இருக்காது. உங்களுடையது அந்த வகை என்றால், அதன் ரிமோட் பேனலில் சார்ஜர் பட்டன் ஆஃபில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி ராத்திரியில் யாராவது கை தவறி அமுக்கியிருப்பார்கள்.

கெட்டுப்போனால் என்னென்ன அறிகுறி தெரியும்?

இதில் ஏமாற்று என்னவென்றால், கன்வெர்ட்டர் செத்த அன்று எதுவுமே தெரியாது. பேட்டரி மொத்த லோடையும் தாங்கிக்கொண்டு ஓடும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் விளக்கு மங்கும், பம்ப் இழுத்து இழுத்து ஓடும். ஹீட்டர் விசிறி சுற்றும், ஆனால் தீ பற்றாது. விசிறியின் வேகம் குறைந்ததால், காற்றோட்டத்தைப் பார்க்கும் சுவிட்ச் கேஸைத் திறக்க விடுவதில்லை. ஆட்கள் ஹீட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். அது இறங்கினால் எரர் காட்டும் அல்லது தானே அணைந்துவிடும். கேஸ் அலாரமும் வோல்ட் குறைந்தால் இடைவெளி விட்டுக் கத்தும். கேஸ் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை பேட்டரியின் தலையில் போடுங்கள்.

மைக்ரோவேவ் ஓடுகிறது, ஏசி மெஷின் ஓடுகிறது. விளக்கும் பம்பும் மட்டும் இல்லை. இது எப்படி?

இரண்டும் வேறு வேறு பாதை. மைக்ரோவேவும் ஏசி மெஷினும் வெளிக் கரன்ட்டை நேராக எடுத்துக்கொள்கின்றன, கன்வெர்ட்டர் பக்கமே போவதில்லை. அவை ஓடுகின்றன என்றால் வெளிக் கேபிள், மெயின் பிரேக்கர் வரை சரி என்று அர்த்தம். விளக்கும் பம்பும் கன்வெர்ட்டர் அல்லது பேட்டரி வழியாக வருபவை.

இப்போது பிரேக்கர் வரிசையில் கன்வெர்ட்டர் என்று எழுதிய பிரேக்கரைப் பாருங்கள். ட்ரிப் ஆன பிரேக்கர் சில நேரம் முழுசாகக் கீழே விழாமல் நடுவில் நிற்கும். பார்த்தால் ஆனில் இருப்பது போலவே தெரியும். முழுசாக ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்யுங்கள். உடனே மறுபடி விழுந்தால் வம்பு செய்யாதீர்கள், உள்ளே ஷார்ட் இருக்கிறது.

மல்டிமீட்டர் எனக்குப் பழக்கமில்லை. எங்கே வைத்து எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தப் பக்கத்திலும் இந்தப் பதில்தான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். அளவு தேர்ந்தெடுக்கும் மீட்டர் என்றால் 20 வோல்ட். வெளி ப்ளக்கைக் கழற்றி, ஜெனரேட்டரை நிறுத்தி, சோலார் இருந்தால் அதையும் ஆஃப் செய்துவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் நேராக அளந்து எழுதி வையுங்கள். ஈய பேட்டரி என்றால் 12.7 முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் நன்றாகவே காலி. அப்புறம் ப்ளக்கை மாட்டி, ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். 13-ஐத் தாண்டி ஏறினால் சார்ஜ் வருகிறது. முதல் அளவிலேயே நின்றால், அல்லது கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனால், வரவில்லை.

வரவில்லை என்றால் உடனே கன்வெர்ட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு கன்வெர்ட்டருக்கே போங்கள். தடித்த இரண்டு டிசி வயர்கள் வெளியே வரும் டெர்மினல்களில் அளந்து பாருங்கள். அங்கே 13.6 போல இருந்து பேட்டரியில் இல்லை என்றால், கோளாறு இடையில் இருக்கும் வயர், ஃப்யூஸ், சுவிட்ச் இவற்றில் ஒன்றில். அங்கேயும் பேட்டரியின் அதே பழைய அளவுதான் என்றால் கன்வெர்ட்டர் எதையும் தரவில்லை. ஆனால் இன்னும் இரண்டு கேள்வி பாக்கி: அதன் ஃப்யூஸ் போயிருக்கிறதா, அதற்கு ஏசி போய்ச் சேருகிறதா?

ஏசியைப் பார்க்கப் பல வண்டிகளில் மீட்டரே வேண்டாம். தனிப் பெட்டியாக இருக்கும் கன்வெர்ட்டர் சாதாரண ப்ளக் பாயின்ட்டில் செருகியிருக்கும். அதை உருவிவிட்டு அந்தப் பாயின்ட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் கன்வெர்ட்டர் மேல் பிழையே இல்லை. வயர் நேராக பிரேக்கருக்குப் போகும் வகை என்றால், திறந்து வைத்த பேனலில் ஏசி அளந்து பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 12 வோல்ட் பக்கம் உங்களைக் கொல்லாது. இந்தப் பக்கம் கொல்லும்.

மீட்டரில் ஒரு நாள் 13.2, ஒரு நாள் 13.6, ஒரு நாள் 14.4. எதுதான் சரி?

மூன்றும் சரி. இப்போதைய கன்வெர்ட்டர்கள் பேட்டரியின் நிலையைப் பார்த்து வோல்ட்டை மாற்றிக்கொள்பவை. காலியான பேட்டரிக்கு 14.4 வரை ஏற்றும், பிறகு 13.6-க்கு இறங்கும், நாள் கணக்கில் யாரும் எதையும் பயன்படுத்தாமல் நின்றால் 13.2-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய வகையில் இந்த நுணுக்கம் கிடையாது. ஒரே அளவில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் ப்ளக்கில் விட்ட வண்டிகளில் பேட்டரித் தண்ணீர் வற்றுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்டரி அடிமட்டம் வரை காலியாகியிருந்தால், கன்வெர்ட்டர் தன் முழு ஆம்பியரையும் கொடுத்தும் வோல்ட் 12.8, 13 என்றே சில மணி நேரம் நிற்கும். அது கோளாறு அல்ல. அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

கன்வெர்ட்டரில் 13.6 இருக்கிறது, பேட்டரியில் 12.3 தான். நடுவில் யார் சாப்பிடுகிறார்கள்?

முதல் சந்தேகம் பேட்டரி துண்டிக்கும் சுவிட்ச். வாசல் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சை 'சேமிப்பு' நிலையில் வைத்து மறந்துவிட்டால், பல வண்டிகளில் கன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். விளக்கு மட்டும் கன்வெர்ட்டர் தயவில் எரியும். இரண்டாவது, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃப்யூஸ் அல்லது தானாக மீளும் பிரேக்கர். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று காட்டினால் ஆள் அங்கேதான்.

சுவிட்சும் ஃப்யூஸும் சரி என்றால் இணைப்புகள். பேட்டரி முனையில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பது எல்லார் கண்ணிலும் படும். நெகட்டிவ் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் பட்டுத் துருப்பிடிப்பது அங்கேதான். கண்டுபிடிக்கும் வழி எளிது: விளக்கு, விசிறி எல்லாம் போட்டு, சார்ஜ் ஏறும்போது மீட்டரின் ஒரு முனையைக் கன்வெர்ட்டரின் பிளஸ்ஸிலும் மறு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். கைக்கு எட்டாவிட்டால் ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மைனஸுக்கு மைனஸ். நல்ல வயரிங்கில் ஒவ்வொரு பக்கமும் கால் வோல்ட்டுக்குள் இருக்கும்.

அரை வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: 30 ஆம்பியர் ஓடும்போது ஒரு இணைப்பில் அரை வோல்ட் குறைந்தால் அந்த ஒரு இடத்தில் 15 வாட் சூடு பிறக்கிறது. பிளாஸ்டிக் உருகிய நட்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை மாற்றினேன். அன்றிலிருந்து சார்ஜே ஏறவில்லை. புது பேட்டரியில் குறையா?

மாற்றும்போது பிளஸ்ஸும் மைனஸும் ஒரு நொடியாவது மாறிப் பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், நானும் செய்திருக்கிறேன். பட் என்று ஒரு பொறி, உடனே சரியாக மாட்டினேன், எல்லாம் நல்லபடி என்று நினைத்தேன். இரண்டு நாளில் விளக்கு மங்கியது. புது கன்வெர்ட்டர் வாங்கி, பழையதைக் கழற்றிக் கையில் திருப்பிப் பார்க்கும்போதுதான் அதன் முகப்பில் கருகிய இரண்டு ஃப்யூஸ்கள் கண்ணில் பட்டன.

பெரும்பாலான கன்வெர்ட்டர்களில் டிசி டெர்மினல்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றோ இரண்டோ மூன்றோ ஃப்யூஸ்கள் இருக்கும். 30 அல்லது 40 ஆம்பியர், கார் ஃப்யூஸ் மாதிரி. பேட்டரி தலைகீழாக மாட்டினால் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத் தாங்கள் எரிந்துபோவதுதான் அவற்றின் வேலை. வேறு எதற்கும் பெரும்பாலும் எரியாது. கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். வெளி ப்ளக்கையும் பேட்டரியையும் பிரித்துவிட்டு, உருவி, மீட்டரில் கன்டின்யூட்டி, அதாவது உள்ளே கம்பி அறாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்த முறை எரிவது கன்வெர்ட்டர்.

விசிறி ஓடவே மாட்டேன் என்கிறது. போய்விட்டதா?

அவசியமில்லை. சிலவற்றில் உள்ளே சூடு ஏறினால்தான் விசிறி ஓடும், சிலவற்றில் லோடு ஏறினால்தான் ஓடும். விளக்கு, ஹீட்டர் விசிறி, பம்ப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அப்போதும் ஓடாமல் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் விசிறிதான் போயிருக்கிறது. அந்த நிலையில் கன்வெர்ட்டர் சூடு தாங்காமல் தானே நின்று, ஆறியதும் திரும்ப ஓடும். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது என்று சொல்பவர்களின் கதை பாதி நேரம் இதுதான். இன்னொரு பாதி, காற்றுத் துளையை அடைத்துக்கொண்டு வைத்திருக்கும் போர்வையும் பெட்டியும்.

நிற்காமல் ஓடினால்? பேட்டரி காலியாக இருக்கும்வரை அது நியாயம். முழு சார்ஜ் ஏறிய மறுநாளும் ஓடினால், ஒரு பேட்டரி செல் ஷார்ட் ஆகி சார்ஜை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிப் பேசுகிறேன்.

எல்இடி விளக்கு லேசாக நடுங்குகிறது, ரேடியோவில் 'உம்' என்று சத்தம். வோல்ட் சரியாகத்தான் காட்டுகிறது.

இது உண்மையிலேயே கன்வெர்ட்டரின் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏசியை டிசியாக்கும்போது மிஞ்சும் அலையைச் சமப்படுத்தும் கெப்பாசிட்டர்கள் வயதாகிக் காய்ந்துவிட்டால் அலை வெளியே வரும். சராசரி 13.6 என்பதால் டிசி மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே டிசி டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். வோல்ட்டில் நூறில் சில பங்குதான் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கெப்பாசிட்டர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மலிவான சில மீட்டர்கள் ஏசி அளவில் வைத்து டிசியைத் தொட்டால் 28, 30 என்று எதையோ காட்டிப் பயமுறுத்தும். முனைகளை மாற்றிப் பிடியுங்கள். பூஜ்ஜியம் காட்டினால் மீட்டரின் குணம் அது, இந்தச் சோதனைக்கு அது உதவாது. இன்னொன்று, பேட்டரியே ஒரு பெரிய சமப்படுத்தி. பேட்டரி இணைப்பு விட்டுப்போயிருந்தாலும் விளக்கு நடுங்கும். ஆகவே பேட்டரி உண்மையில் சேர்ந்திருக்கிறதா என்று முந்திய பதில்களின்படி பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, பேட்டரி சுடுகிறது. என்ன செய்வது?

படிப்பதை நிறுத்திவிட்டுக் கன்வெர்ட்டர் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள், ப்ளக்கையும் எடுங்கள். சோலாரையும் நிறுத்துங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியே போங்கள். பேட்டரி முனைகளை உடனே கழற்றப் போகாதீர்கள். அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, கூடவே வாசனையில்லாத ஹைட்ரஜன்; முன்னது நஞ்சு, பின்னது ஒரு சின்னப் பொறிக்கு வெடிக்கும். கேஸ் அலாரமும் சேர்ந்து கத்தலாம்.

காற்று தெளிந்து பேட்டரி ஆறிய பிறகு, எல்லா வயரையும் கழற்றி பேட்டரியைத் தனியாக அளந்து பாருங்கள். 10.5 போல நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. மீதி ஐந்தின் மேல் கன்வெர்ட்டர் முழு வோல்ட்டையும் ஏற்றியதால்தான் அவை கொதித்தன, கன்வெர்ட்டர் நிரபராதி. பேட்டரி நன்றாக இருந்து, சார்ஜில் இருக்கும்போது 15 வோல்ட்டுக்கு மேல் போகிறது என்றால் கன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுப் பகுதி கெட்டுவிட்டது, அதை இனி ஓட்டவே கூடாது. 15-க்கு மேல் போனால் விளக்கும் ஃப்ரிட்ஜ் போர்டும் சேர்ந்து போகும். வேண்டுமென்றே கூடுதல் வோல்ட் ஏற்றும் ஈக்குவலைஸ் வசதி சில சார்ஜர்களில் உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேட்டரி இல்லாமல் கன்வெர்ட்டரை மட்டும் வைத்து ஓட்டலாமா?

விளக்கு, பம்ப் மட்டும் என்றால் பல மாடல்கள் தாங்கும். ஆனால் சுவர் வெளியே நீளும் ஸ்லைடு மோட்டார், வண்டியை மட்டப்படுத்தும் ஜாக் இவை கேட்கும் கரன்ட் கன்வெர்ட்டரின் சக்திக்கு மேலே. அந்த வேலைகளுக்குப் பேட்டரி வேண்டும். சில மாடல்கள் எதிர்ப்பக்கம் பேட்டரி இருப்பதை உணராமல் வேலையே தொடங்காது. அதனால் பேட்டரியைக் கழற்றி வைத்து அளந்தேன், பூஜ்ஜியம் காட்டுகிறது, செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள்.

ஜெனரேட்டரில் நன்றாகச் சார்ஜ் ஆகிறது, வெளி ப்ளக்கில் ஆகவில்லை. இது என்ன விசித்திரம்?

கன்வெர்ட்டர் நல்லபடி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குற்றவாளி வெளிப் பக்கம்: ப்ளக் பாயின்ட், கேபிள், அல்லது ஜெனரேட்டரா வெளிக் கரன்ட்டா என்று தேர்வு செய்யும் மாற்று சுவிட்ச். வெளியில் வோல்ட் மிகவும் குறைந்தாலும் இப்படி ஆகும். 120 வோல்ட் கன்வெர்ட்டர் பலவும் 105-க்குக் கீழே போனால் முரண்டு பிடிக்கும். எல்லாரும் ஏசி மெஷின் போடும் நேரத்தில் மட்டும் கோளாறு வருகிறதா என்று கவனியுங்கள்.

தலைகீழாக, வெளி ப்ளக்கில் ஓடி ஜெனரேட்டரில் ஓடவில்லை என்றால் ஜெனரேட்டரின் பிரேக்கரையும் அதே மாற்று சுவிட்சையும் பாருங்கள்.

இன்வெர்ட்டரைப் போட்டால் டிவி மட்டும்தான் ஓடுகிறது, ஆனால் பேட்டரி மூன்று மணி நேரத்தில் காலி. எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இது. வண்டியின் வெளிக் கேபிளை இன்வெர்ட்டரில் செருகி மொத்த வண்டிக்கும் ஏசி கொடுத்திருப்பீர்கள், அல்லது உங்கள் வயரிங்கே அப்படி இருக்கும். இப்போது கன்வெர்ட்டருக்கும் ஏசி வந்துவிட்டது. அது உற்சாகமாகப் பேட்டரியை சார்ஜ் செய்யத் தொடங்கும். எந்தப் பேட்டரியிலிருந்து எடுத்து? அதே பேட்டரியிலிருந்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டில் கொடுப்பது ஏறக்குறைய 750 வாட். அதன் திறன் 85 சதவீதம் என்றால் அது வாங்குவது 880 வாட். இன்வெர்ட்டர் 90 சதவீதம் என்றால் அதற்காகப் பேட்டரியிலிருந்து எடுப்பது 980 வாட், அதாவது 78 ஆம்பியர். 78 எடுத்து 55 திருப்பிப் போடுகிறது. மிச்சம் 23 ஆம்பியர் வெறும் சூடாகப் போகிறது, டிவி வேறு தனி. தீர்வு, இன்வெர்ட்டரில் ஓட்டும்போது கன்வெர்ட்டர் பிரேக்கரை ஆஃப் செய்வது. திரும்ப ப்ளக் மாட்டும்போது ஆன் செய்ய மறந்தால் முதல் புகாருக்கே வந்து சேருவீர்கள்.

கூரையில் சோலார் இருக்கிறது. கன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பகலில் கண்டுபிடிக்க முடியாது. சோலார் 14 வோல்ட்டில் பேட்டரியைப் பிடித்து வைத்திருந்தால், கன்வெர்ட்டர் தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்ளும். அது இயல்பு. மாதக்கணக்கில் செத்துக் கிடக்கும் கன்வெர்ட்டரை சோலார் மறைத்து வைத்திருப்பதும் உண்டு, மழைக்காலம் வந்ததும் வெளிச்சத்துக்கு வரும். சோலார் கன்ட்ரோலரை ஆஃப் செய்துவிட்டோ இருட்டிய பிறகோ மல்டிமீட்டர் பதிலில் சொன்ன இரண்டு அளவுகளையும் எடுங்கள்.

ப்ளக்கிலேயே நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் பேட்டரி மட்டும் இறங்குகிறது.

பல மோட்டார்ஹோம்களில் கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. சிலவற்றில் மட்டும் இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும் ரிலே இருக்கும். வீட்டுப் பகுதி பேட்டரி சார்ஜ் ஆகும்போது இன்ஜின் பேட்டரியும் 13-க்கு மேல் காட்டினால் ரிலே உண்டு, வேலையும் செய்கிறது. ரிலே இல்லாத வண்டிக்குச் சின்ன தனிச் சார்ஜர் ஒன்று போதும்.

லித்தியம் பேட்டரி போட்டேன், முழுசாக ஏற மாட்டேன் என்கிறது.

நாலு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.6 வரை வேண்டும். ஈய பேட்டரிக்கான கன்வெர்ட்டர் கொஞ்ச நேரத்தில் 13.6-க்கு இறங்கிவிடுவதால், ஏறுவது ஆமை வேகமாகிவிடும். சில மாடல்களில் லித்தியத்துக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது, தேடிப் பாருங்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஈய பேட்டரி நிறைய நிறைய வாங்கும் கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும், லித்தியம் கடைசிவரை முழு ஆம்பியரையும் இழுக்கும். பழைய கன்வெர்ட்டர் மணிக்கணக்கில் முழு லோடில் ஓடிச் சூடாகிப் போவது இதனால்தான்.

பேட்டரியில் பூஜ்ஜியம் காட்டினால் பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு அதை அணைத்து வைத்திருக்கலாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜை மறுப்பதும் அதே போர்டுதான். அது கோளாறு அல்ல, நல்ல பிள்ளை.

கன்வெர்ட்டரைத் திறந்து நானே பழுது பார்க்கலாமா?

விசிறி, வெளியே தெரியும் ஃப்யூஸ், டெர்மினல் முடுக்குவது வரை சரி. மூடியைத் திறப்பது வேண்டாம். ஏசி பக்கத்து கெப்பாசிட்டர்களில் 120 வோல்ட் வகையில் 170 வோல்ட் டிசியும், 230 வகையில் 320-க்கு மேலும் நிற்கும். ப்ளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே காத்திருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எத்தனை ஆம்பியர் வாங்குவது?

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-அவரில் 10 முதல் 25 சதவீதம் வரை ஈய பேட்டரிக்குப் போதும். 200 ஆம்பியர்-அவர் என்றால் 20 முதல் 50. அதோடு வண்டியில் எப்போதும் ஓடும் லோடுக்குப் பத்தைக் கூட்டுங்கள். 55 அல்லது 60 வாங்கலாம். பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று 80, 100 வாங்கி, பழைய வயரிலேயே மாட்டுபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பேட்டரி 3 மீட்டர் தள்ளி இருந்தால், 16 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 60 ஆம்பியர் போய் வருவதற்கே 0.4 வோல்ட் தொலைகிறது. 6 மீட்டர் என்றால் 0.8. வயர் பருமன், பிரேக்கர், ஃப்யூஸ் மூன்றையும் புது கன்வெர்ட்டரின் கையேடு சொல்வதற்குச் சமமாக்க முடியாவிட்டால் பழைய ஆம்பியரிலேயே வாங்குங்கள்.

மாட்டும்போது வரிசை: வெளி ப்ளக், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், சோலார் எல்லாம் ஆஃப், பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது, அதற்கப்புறம்தான் மற்ற வயர்கள். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

புதுசு மாட்டியாச்சு. அப்பவும் அதே பிரச்சினை!

அப்படியென்றால் பழையது நல்லதாகவே இருந்திருக்கலாம், தூக்கிப் போடாதீர்கள். மல்டிமீட்டர் பதிலுக்குத் திரும்பிப் போய் இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் 13.6 வந்தும் ராத்திரி தாங்கவில்லை என்றால் பேட்டரி கிழடாகிவிட்டது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் கழற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். தானாக 12.4-க்கு இறங்கினால் பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். கன்வெர்ட்டரில் மட்டும் 13.6 வந்தால், மைனஸ் வயரைத் தேடிக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள்.